தேங்கிக் கிடக்கும் மினிகளைத் தீட்டி முடிக்க: யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மினிகள் என்ற சின்ன உருவங்களை நாமே ஒட்டி, நிறம் தீட்டி, மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டில் இறங்கிய எல்லோருக்கும் இது நடக்கும். லண்டன் மச்சான் வரும்போது இரண்டு பெட்டி, வெளிநாடு போகிற நண்பன் விட்டுப்போன ஒரு பை, கொழும்பில் யாரோ மலிவாகத் தள்ளிவிட்ட ஒரு தொகுதி. பார்த்தால் அலுமாரிக்கு மேல் நூறுக்கு மேற்பட்ட சாம்பல் நிற உருவங்கள் கிடக்கும். பெயின்ற் கண்டவை பத்துக்கூட இராது.

இதைத் தீர்ப்பது எப்படி என்று தேடினால் வருகிற ஆலோசனை எல்லாம் குளிர் நாட்டுக்காரர்களுடையது. அவர்களுக்கு ஸ்பிறே பக்கத்துக் கடையில் கிடைக்கும், காற்று ஈரமாக இருந்தால் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். இங்கே பெயின்ற் கடல் கடந்து வரவேண்டும், கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு, வருடத்தில் பாதி சோளகமும் (தென்மேற்குக் காற்று) மழையும். இங்கே எது நடக்கும், எது நடக்காது என்று பிடிபட எனக்கு நெடுநாள் ஆயிற்று. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கணக்கெடுங்கள், ஒரு பெட்டியும் உடைக்காதீர்கள்

ஒரு சி.ஆர். கொப்பி எடுங்கள். பெட்டிக்கு ஒரு வரி. உருவத்தின் பெயர், எத்தனை, எந்த விளையாட்டுக்கு, என்ன பொருள், எந்த நிலை என்று எழுதுங்கள். நிலை என்றால் பாகங்கள் இன்னும் வெட்டி எடுக்காமல் பிளாஸ்ரிக் சட்டத்தில் இருக்கிறதா, ஒட்டியாயிற்றா, அடிப்பூச்சு ஆயிற்றா, பாதியில் நிற்கிறதா என்பது. பொருளை எழுதுவது முக்கியம். பிளாஸ்ரிக், ரெசின், உலோகம் மூன்றுக்கும் பசை வேறு, கழுவும் விதம் வேறு. பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கலாம். அவற்றை அரத்தால் ராவும்போது முகமூடி போடுங்கள், பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் ராவுகிற வேலையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ரெசின் தூசும் மூச்சுக்குள் போகக்கூடாதது. அதை நனைத்துத் தேய்த்தால் தூசு பறக்காது.

கணக்கு முடிந்ததும் மூன்றாகப் பிரியுங்கள். உங்களோடு விளையாட ஆள் இருக்கிற படை ஒன்று. பிறகு பார்க்கலாம் என்பவை. ஒருநாளும் தீட்டப் போவதில்லை என்று உங்கள் மனதுக்கே தெரிந்தவை. மூன்றாவதை விற்றுவிடுங்கள், அல்லது மாற்றிக்கொள்ளுங்கள். சீல் உடைக்காத பெட்டிக்குத்தான் நல்ல விலை வரும், ஆர்வத்தில் எல்லாப் பெட்டியையும் வெட்டித் திறக்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். இரண்டாவதை மூடி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள். தரையில் மட்டும் வேண்டாம். மட்டைப் பெட்டியைச் சுவரோடு சேர்த்து நிலத்தில் வைத்தால் கறையானுக்கு வைத்தது மாதிரித்தான்.

2. எவ்வளவு தீட்டினால் போதும் என்று முடிவெடுங்கள்

குவியல் குறையாமல் இருப்பதற்கு முதற் காரணம் சோம்பல் இல்லை. ஒவ்வொரு உருவத்தையும் போட்டிக்கு அனுப்புகிற மாதிரித் தீட்ட நினைப்பதுதான். வார்ஹாமர் 40,000 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போட்டி ஆட்டத்தில் மொத்தம் 100 புள்ளி. படை முழுவதும் 'பற்றில் ரெடி' (Battle Ready, களத்துக்குத் தயார்) நிலையில் இருந்தால் அதற்கே 10 புள்ளி. அந்த நிலைக்கு விளையாட்டை வெளியிடுபவர்கள் கேட்பது முக்கியமான பகுதிகளில் நிறம், அடித்தட்டில் (உருவம் நிற்கும் தட்டு) எளிய வேலைப்பாடு, அவ்வளவுதான். கண்மணியில் வெள்ளைப் புள்ளி வைக்கச் சொல்லவில்லை.

அந்த அளவையே உங்கள் அளவாக வையுங்கள். தளபதி, பெரிய மிருகம் என்று படைக்கு ஒன்றிரண்டு உருவத்தை மட்டும் ஆசை தீரத் தீட்டுங்கள். மற்றவை மூன்றடி தூரத்தில் மேசையில் நிற்கப் போகிறவை.

3. எதை இங்கே வாங்கலாம், எதை வெளியே சொல்ல வேண்டும்

செலவின் பெரும்பகுதி இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. இங்கேயே கிடைக்கும் சாமானை வெளிநாட்டில் இருந்து எடுப்பிப்பது வீண்.

இங்கே வாங்க வேண்டியவை: போன் திருத்துபவர்கள் பாவிக்கும் சின்ன சைட் கட்டர், கட்டர் கத்தி, 400 மற்றும் 600 இலக்க எமரிக் கடதாசி, சுப்பர் குளூ, தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசை, புளூ ராக் (ஒட்டிக் கழற்றக்கூடிய களி). புத்தகக் கடைகளில் விற்கும் மாணவர் அக்ரிலிக் பெயின்ற் அடித்தட்டுக்கும் மேசைக் காட்சிக்கும் தாராளமாகப் போதும். முகத்துக்கும் உடைக்கும் வேண்டாம், அதன் நிறத்துகள் பருமன், நுணுக்கமான செதுக்கலை மூடிவிடும். போஸ்டர் கலர் வாங்கவே வாங்காதீர்கள். காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரைந்து வரும்.

உலர் தூரிகை வேலைக்கு, அதாவது பெயின்றைத் துடைத்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தடவுவதற்கு, ஃபான்சிக் கடைக்குப் போங்கள். முகப்பூச்சுப் போடுகிற வட்டமான மென்மையான தூரிகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பொழுதுபோக்கு நிறுவனங்கள் அதே வடிவத்தைப் பல மடங்கு விலைக்கு விற்கின்றன. கூர்த் தூரிகையில் இலக்கம் 1, இலக்கம் 2 போதும். ஆகச் சின்னதை, அதாவது 000 போன்றதை வாங்குவது புதியவர்கள் எல்லோரும் விழுகிற பள்ளம். அதன் நுனியில் பெயின்ற் நிற்கவே நிற்காது, நம் வெக்கையில் உருவத்தைத் தொட முன்னமே காய்ந்துவிடும். எந்தக் கடையில் நல்ல செயற்கை மயிர்த் தூரிகை வந்திருக்கிறது என்று யாழ் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

வெளியே சொல்ல வேண்டியவை: நல்ல மொடல் பெயின்ற், கழுவு மை (பள்ளங்களில் தங்கி நிழல் காட்டும் ஐதான மை), தூரிகையால் பூசும் அடிப்பூச்சு, மற் (பளபளக்காத) வார்னிஷ். இங்கிலாந்தில் ஒரு குப்பி இரண்டரைப் பவுண்டில் இருந்து ஐந்து பவுண்டு வரை போகும். 2025 இல் பவுண்டு 400 ரூபாயை ஒட்டியே நின்றது. அப்படிப் பார்த்தால் ஒரு குப்பி ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய். ஐம்பது நிறம் வாங்க இது காசில்லை, தேவையும் இல்லை.

பன்னிரண்டு குப்பியில் ஒரு படையை முடிக்கலாம். கறுப்பு, வெள்ளை, எலும்பு நிறம், தோல் மண்ணிறம், கடும் மண்ணிறம், தோல் நிறம், வெள்ளி, பொன், உங்கள் படையின் முதன்மை நிறத்தில் கடுமையும் இளசுமாக இரண்டு, கழுவு மையில் கறுப்பும் மண்ணிறமும். கழுவு மைக்குச் சிற்றடெல் நிறுவனத்தின் நல்ன் ஓயில், அக்ராக்ஸ் ஏர்த்ஷேட் இரண்டையும்தான் நான் சொல்வேன். முதன்மை நிறத்தை மட்டும் இரண்டு குப்பியாக எடுங்கள். பாதிப் படையில் அது முடிந்து, அடுத்த உறவினர் வரும்வரை எட்டு மாதம் காத்திருப்பது பெரிய கொடுமை.

4. வெளியே இருந்து எடுப்பிக்கும்போது

முதலில் எது வராது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பிறே பெயின்ற் தீப்பிடிக்கக்கூடியது. விமானத்தில் கைப்பையிலும் வராது, பெட்டியிலும் வராது, வான்வழித் தபாலிலும் வராது. பிளாஸ்ரிக்கைக் கரைத்து ஒட்டும் திரவப் பசையும் தீப்பற்றுவதுதான், அதையும் சொல்ல வேண்டாம். யாராவது 'சும்மா உடுப்புக்குள்ளே சுத்திக் கொண்டு வாறன்' என்றாலும் மறித்துவிடுங்கள். பிடிபட்டால் மாட்டுப்படுவது அவர்தான்.

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் தீப்பற்றாது. அதைச் செக்-இன் பெட்டியில், குப்பிகளை மூடியோடு செலோரேப் சுற்றி, சிப் பையில் போட்டு, நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். உற்பத்தி நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்தப் பெயின்றுக்கான பாதுகாப்புத் தரவுத் தாள் கிடைக்கும். அதில் தீப்பற்றாது என்று இருக்கும் பக்கத்தை அச்சிட்டு அதே பைக்குள் வைத்தால், பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்குப் பதில் அங்கேயே இருக்கும். வாங்கிய ரசீதையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

பட்டியலை எப்போது அனுப்புவது? கோடை விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் என்று யூலை, ஓகஸ்டில்தான் நம் ஆட்கள் அதிகம் வருவார்கள். அடுத்தது மார்கழி. அதனால் மே கடைசிக்குள் ஒரு பட்டியல், ஒக்ரோபருக்குள் ஒரு பட்டியல். புறப்படுகிற கிழமையில் கேட்டால் அவர்களுக்கு வாங்க நேரமும் இராது, பெட்டியில் இடமும் இராது.

பட்டியலில் நிறத்தின் பெயரை மட்டும் எழுதினால் தவறான குப்பி வருவது நிச்சயம். இப்படி எழுதுங்கள்:

'அண்ணா, வலேஹோ மொடல் கலர் 70.950 கறுப்பு ஒன்று, 70.951 வெள்ளை ஒன்று. மொடல் எயார் என்று போட்டிருந்தால் வேண்டாம், மொடல் கலர்தான் வேணும். கிடைக்காட்டி வேற ஒண்டும் எடுக்க வேண்டாம், ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்கோ, காசு இங்க மாமியிட்டக் குடுத்துவிடுறன்.'

எயார் என்பது எயார்பிறஷுக்கு, அதாவது காற்றால் பெயின்ற் விசிறும் கருவிக்கு, தண்ணியாகச் செய்தது. குப்பி பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதேபோல ஆர்மி பெயின்டர் நிறுவனத்தின் ஸ்பீட்பெயின்ற் (நிழலும் வெளிச்சமும் தானாக வரும் கசியும் பெயின்ற்) கேட்டால் இரண்டாம் பதிப்பு என்று அழுத்திச் சொல்லுங்கள். 2022 இல் வந்த முதற் பதிப்பு, மேலே ஈரப் பெயின்ற் பட்டால் திரும்பக் கரைந்து கலங்கும். 2023 இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். பழைய குப்பிகள் இன்னும் மலிவு விலையில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

உருவங்களைத் தபாலில் எடுப்பித்தால் அனுப்புபவர் நிரப்பும் சுங்கப் படிவத்தில்தான் காரியம் இருக்கிறது. சின்னப் பொதிக்கு சி.என். 22, பெரியதற்கு சி.என். 23. உள்ளே இருப்பதை 'ஒட்டப்படாத பிளாஸ்ரிக் விளையாட்டு மொடல் தொகுதி' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். இராணுவம், துவக்கு, போர் என்ற சொற்கள் தேவையில்லை. உள்ளே இருப்பது பிளாஸ்ரிக் மொடல், அதை அப்படியே எழுதுவதுதான் சரியும் கூட. சுங்கப் பொருட் குறியீடு கேட்டால் விளையாட்டு மொடல்கள் 9503 என்ற தலைப்பின் கீழ் வரும். ஓவியத் தூரிகை 9603, ஓவிய வண்ணம் 3213. விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். ரசீதோடு ஒத்துவராத விலை இருந்தால் பொதி நிற்கும், நீங்கள் நடக்க வேண்டும்.

பொதி வந்திருக்கிறது என்று அறிவித்தல் வந்தால் கொண்டுபோக வேண்டியவை: அந்த அறிவித்தல், அடையாள அட்டையும் அதன் பிரதியும், ரசீதின் அச்சுப் பிரதி, காசு செலுத்திய அத்தாட்சி. போனில் காட்டலாம் என்று நினைக்க வேண்டாம், கடதாசியில் கொண்டுபோங்கள். கொழும்பில் இருக்கும் ஒருவர் உங்களுக்காக எடுப்பதாக இருந்தால் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் உங்கள் அடையாள அட்டைப் பிரதியும் அவரிடம் இருக்க வேண்டும். வரியும் கையாளும் கட்டணமும் வரக்கூடும் என்று எண்ணி, சாமான் விலைக்கு மேல் கொஞ்சக் காசை ஒதுக்கி வையுங்கள். பெயின்றைக் கூரியரில் போடுவதென்றால், பணம் கட்ட முன்னம் அந்தக் கவுண்டரிலேயே 'நீர் சார்ந்த பெயின்ற் எடுப்பீர்களா' என்று கேட்கச் சொல்லுங்கள். எனக்கு வந்த ஒரு பொதியை அனுப்பிய நிறுவனமே பாதியில் திருப்பிவிட்டது, கட்டிய கூலி போனது போனதுதான்.

5. தண்ணீர்

இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். வலிகாமத்தில் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது உங்கள் பெயின்றிலும் இருக்கிறது. கழுவு மையைக் கிணற்றுத் தண்ணீரில் ஐதாக்கினால், காய்ந்ததும் பள்ளத்தின் ஓரத்தில் மெல்லிய வெள்ளை வளையம் நிற்கும். கறுப்பு உடையில் அது பளிச்சென்று தெரியும். மை பழுது, உருவம் பழுது என்று ஆட்கள் நினைப்பார்கள், பழுது தண்ணீரில்.

பெயின்றில் கலக்கவும் ஈரத் தட்டில் (பெயின்ற் காயாமல் வைக்கும் தட்டு, எட்டாம் பகுதியில் வரும்) ஊற்றவும் வடித்த தண்ணீர் பாவியுங்கள். வாகனப் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர் உதிரிப்பாகக் கடைகளில் மலிவு, ஒரு போத்தல் பல மாதம் வரும். அதே தட்டில் பற்றரி அசிட்டும் இருக்கும், லேபலை வாசித்து எடுங்கள். மாரியில் முதல் மழை கூரையைக் கழுவிப் போனபின் பிடித்த மழைத் தண்ணீரும் நல்லது. தூரிகை கழுவக் கிணற்றுத் தண்ணீர் போதும்.

6. ஒட்டுவதும் சுத்தம் செய்வதும்

இங்கே அதிகம் நிற்க வேண்டியதில்லை. இளம் சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பழைய பல் தூரிகையால் தேய்த்துக் காயவிடுங்கள். ரெசின் என்றால் கட்டாயம், அச்சில் இருந்து கழற்றப் பூசும் எண்ணெய் அதில் இருக்கும். அச்சின் இரு பாதியும் சேர்ந்த இடத்தில் நிற்கும் மெல்லிய கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டுங்கள். முகம், தோள், துவக்குக் குழாய் இவற்றில் உள்ள கோட்டை மட்டும் எடுத்தால் போதும்.

யாரோ தடிப்பாகப் பெயின்ற் அடித்து விற்ற பழைய உருவங்களா? பிளாஸ்ரிக் என்றால் ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் சில மணித்தியாலம் ஊறவிட்டுத் தேய்க்கலாம். டெற்றோலும் வேலை செய்யும். தண்ணீர் கலக்காமல் ஒரு நாள் ஊறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, டெற்றோலில் நனைத்த தூரிகையாலேயே பெயின்றைத் தேய்த்து எடுங்கள். பெயின்ற் முழுதும் போகமுன் தண்ணீரில் பிடித்தால் எல்லாம் தார் மாதிரிப் பிசுபிசுத்து ஒட்டும். நகப்பூச்சு நீக்கும் திரவங்கள் பலவற்றில் அசிற்றோன் இருக்கும். அது உருவத்தையே கரைத்துவிடும்.

7. அடிப்பூச்சு: காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்

வருட வேலையை இந்தப் படிதான் தீர்மானிக்கிறது. ஹார்ட்வெயார் கடையில் வாகனத்துக்கு விற்கும் பிறைமர் ஸ்பிறேயைப் பாவிக்கலாம். ஆனால் அவற்றில் பல லாக்கர் வகை, தடிப்பாக விழுந்தால் பிளாஸ்ரிக்கை அரிக்கும். முதலில் வெட்டி எறியும் சட்டத் துண்டில் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மேற்பரப்பு குழையாமல் இருந்தால் சரி. ஓர் அடி தூரத்தில் வைத்து, கையை நிறுத்தாமல், இரண்டு மூன்று மெல்லிய வீச்சு. ஒரே வீச்சில் மூட நினைக்காதீர்கள்.

மாசி, பங்குனி: ஆக நல்ல காலம் இதுதான். மழை போய்விட்டது, சோளகம் இன்னும் எழும்பவில்லை. மாசியில் விடியப்புறம் பனி இருக்கும், வெயில் ஏறிப் பனி காய்ந்தபிறகு அடியுங்கள். அந்த வருடத்துக்கு வேண்டிய எல்லா அடிப்பூச்சையும் இந்த இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுவதே கெட்டித்தனம்.

சித்திரை: வெயில் கடுமை. காலை எட்டு மணிக்குள், நிழலில். பிந்தினால் பெயின்ற் பறக்கிற வழியிலேயே காய்ந்து, உருவத்தில் மணல் மாதிரிச் சொரசொரப்பாக ஒட்டும். ஸ்பிறே ரின்னை முற்றத்து வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், வெடிக்கும்.

வைகாசி தொடங்கி ஆவணி வரை: சோளகம். தூசு எல்லா இடமும் பறக்கும். கட்டாயம் அடிக்க வேண்டும் என்றால், காற்று எழும்ப முன்னம், வீட்டுக்குப் பின்பக்கம் காற்று மறைவில் ஒரு பெரிய மட்டைப் பெட்டியைச் சரித்து வைத்து அதற்குள் அடியுங்கள். முடிந்த கையோடு ஐஸ்கிறீம் டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை: ஸ்பிறேயைத் தொடாதீர்கள். ஈரக் காற்றில் பூச்சு பிடிக்காது, வெள்ளை பூத்தாற்போல வரும். தூரிகையால் பூசும் அடிப்பூச்சுத்தான் இந்தக் காலத்துக்கு. இலக்கம் 2 தூரிகையால் மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்தபின் இன்னொன்று, பிறகு ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள். மேலே காய்ந்தாலும் உள்ளே காயாத பூச்சு, கை பட்டால் தோல் உரிவதுபோல உரியும்.

8. தீட்டும் முறை

ஐந்து, மிஞ்சினால் பத்து உருவம் ஒரு தொகுதி. முப்பதை வரிசையாக வைத்து ஒரே நிறத்தைப் பூசினால் வேகம் என்று சொல்வார்கள். இரண்டாம் நாள் அலுத்துவிடும், அப்படியே கிடக்கும். ஐந்து முடிந்து மேசையில் நின்றால் ஆறாவதை எடுக்க மனம் தானாக வரும்.

தொடங்க முன்னம் உருவத்தைப் பழைய மருந்துப் போத்தலின் மூடியில் புளூ ராக் வைத்து நிறுத்துங்கள். போத்தலைத்தான் பிடிக்க வேண்டும், உருவத்தை அல்ல. நம் வெக்கையில் விரல் வியர்வை ஒரு மாலைக்குள் முனைகளில் இருக்கும் பெயின்றைத் தேய்த்து எடுத்துவிடும்.

ஈரத் தட்டு இல்லாமல் இங்கே தீட்ட முடியாது. மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி, அடியில் குசினித் துடைப்புத் துணி, அதை நனைத்து மேலே பேக்கிங் கடதாசி. மெழுகுக் கடதாசி சரிவராது, ஈரம் மேலே வராது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருக்கால் தண்ணீரை மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தீட்டும்போது தலைக்கு மேல் காற்றாடியை நிறுத்திவிட்டு, மேசைக் காற்றாடியை உங்கள் முதுகுப் பக்கம் வையுங்கள். கறுப்பு அடிப்பூச்சின் மேல் வேலை இப்படிப் போகட்டும்:

முகப்பூச்சுத் தூரிகையில், கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் நிறத்தை எடுத்து, ரிஷ்யூவில் நன்றாகத் துடையுங்கள். எவ்வளவு துடைப்பது? உங்கள் பெருவிரலின் மேல் ஒரு தரம் தடவிப் பாருங்கள். ரேகையின் மேடு மட்டும் நிறம் பிடித்து, பள்ளம் தோல் நிறமாகவே இருந்தால் தூரிகை தயார். பட்டையாக நிறம் விழுந்தால் இன்னும் துடையுங்கள். இப்போது உருவத்தின் மேல் இருந்து கீழ்ப் பக்கமாக மெல்லத் தடவினால் கவச விளிம்பு, உடை மடிப்பு, மூக்கு நுனி எல்லாம் இருளில் இருந்து எழும்பி வரும். பிறகு வெள்ளை, இன்னும் குறைவாக, தலையும் தோளும் மட்டும்.

இதன்மேல் கொன்ட்ராஸ்ற் அல்லது ஸ்பீட்பெயின்ற் வகை கசியும் பெயின்றைப் பூசினால் நிழலும் வெளிச்சமும் தானாக வந்துவிடும். சாதாரண அக்ரிலிக் மட்டுமே இருந்தால் அதைத் தண்ணீரில் ஐதாக்கி இரண்டு பூச்சாகப் பூசி, கடைசியில் கழுவு மை. மையை உருவம் முழுக்க ஊற்றாதீர்கள், பள்ளங்களுக்கு வழிநடத்துங்கள். எங்காவது குளமாக நின்றால் ஈரத் தூரிகையால் உறிஞ்சி எடுங்கள். வெள்ளி, பொன் நிறங்களுக்கு வேறு தண்ணீர்க் கோப்பை. அதன் மினுக்கு அடுத்த நிறத்துக்குள் வந்தால் எடுக்கவே முடியாது.

ஐந்து போர்வீரர் கொண்ட தொகுதிக்கு இந்த முறையில், காயும் நேரம் போக, ஐந்து ஆறு மணித்தியாலம் எண்ணுங்கள். ஒரு மாலைக்கு ஒரு மணித்தியாலம் என்றால் ஒரு கிழமை. புதியவருக்கு முதல் தொகுதி இதைப்போல இரண்டு மடங்கு எடுக்கும். அது வழமைதான்.

இன்னொன்று. வீட்டில் பெரியவர்களுக்குத் துவக்கும் சீருடையுமாக உருவங்கள் மேசையில் நிரந்தரமாக நிற்பது பிடிக்காமல் இருக்கலாம். நம் ஊரில் அதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. தீட்டும் சாமானை எல்லாம் ஒரு தட்டில் வைத்து, முடிந்ததும் தட்டோடு எடுத்து வைத்துவிடுங்கள். மிருகங்களும் பூதங்களும் இருக்கும் படை உங்களிடம் இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம்.

9. அடித்தட்டு

வாங்கவே வேண்டாம், எல்லாம் வளவுக்குள் இருக்கிறது. கட்டட மணலைத் தேத்தண்ணி வடியில் அரித்து, கழுவிக் காயவையுங்கள். கடற்கரை மணல் என்றால் உப்புப் போகப் பல தரம் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஈரக் காலத்தில் பூக்கும். வெள்ளைப் பசை பூசி, மணலில் அமுக்கி, காய்ந்தபின் தண்ணீர் கலந்த பசையை மேலே ஒரு சொட்டு விட்டால் உதிராது. நம் செம்மண்ணை நன்றாகக் காயவைத்து, நுணுக்கி, கடைசியில் தூரிகையால் பாதங்களைச் சுற்றித் தடவினால் எந்தக் குப்பியிலும் கிடைக்காத நிறம் வரும். காய்ந்த புல்லுக்குப் பனந்தும்பைச் சிறு கட்டாக வெட்டி ஒரு சொட்டுச் சுப்பர் குளூவில் நிறுத்துங்கள். அரிசி நீளத்துக்கு மேல் போனால் உருவத்தின் இடுப்புவரை மறைத்துவிடும்.

அடித்தட்டின் விளிம்பைக் கறுப்பாலோ கடும் மண்ணிறத்தாலோ ஒரே சீராகப் பூசுங்கள். சில நிமிட வேலை. படை முழுக்க ஒரே விளிம்பு என்றால் வேறு வேறு வருடத்தில் தீட்டியவைகூட ஒரே படையாகத் தெரியும்.

10. வார்னிஷும் வைப்பும்

விளையாடப் போகும் உருவத்துக்கு வார்னிஷ் தேவை. மாரியில் ஸ்பிறே வார்னிஷ் அடித்தால் வெள்ளை மூட்டம் படிந்து முழு வேலையும் போய்விடும். தூரிகையால் பூசும் மற் வார்னிஷ் எந்தப் பருவத்துக்கும் சரி. குப்பியை நன்றாகக் குலுக்குங்கள். அடியில் தங்கிய பொடி கலக்காவிட்டால் மற் என்று எழுதியிருந்தும் பளபளக்கும். மெல்லிசாக ஒரு பூச்சு, நுரை வராமல்.

முடிந்தவற்றை வைக்கப் பெரிய பிஸ்கற் ரின் எடுங்கள், இரும்பு ரின்னாக இருக்க வேண்டும். அடித்தட்டின் கீழே சின்ன நியோடிமியம் காந்தம் ஒன்றைச் சுப்பர் குளூவால் ஒட்டினால் உருவம் ரின்னில் நின்றுகொள்ளும். சைக்கிளில் கொண்டுபோனாலும் ஒன்றோடொன்று உரசாது. கனமான உலோக உருவத்துக்கு இரண்டு காந்தம். தகரக் கூரைக்குக் கீழே, பரணில் வைக்காதீர்கள். அங்கே சித்திரைச் சூட்டில் பசை இளகும், குப்பியில் இருக்கும் பெயின்ற் கட்டியாகும். பெயின்ற் குப்பிகளுக்கு நிலமட்டத்தில் இருக்கும் அலுமாரியின் கீழ்த் தட்டு நல்லது. மாதம் ஒருக்கால் எல்லாவற்றையும் குலுக்கி, சொட்டுக் குப்பிகளின் வாயை ஊசியால் குத்தி, மூடியின் திருகில் காய்ந்த பெயின்றைத் துடைத்துவிடுங்கள். அந்தத் திருகில் பெயின்ற் இருந்தால் மூடி இறுகாது, உள்ளே இருப்பது காற்றில் காயும்.

கொப்பியில் அந்தத் தொகுதிக்கு நேரே 'முடிந்தது' என்று எழுதி, எந்த நிறம் எந்த வரிசையில் பூசினீர்கள் என்றும் குறியுங்கள். அடுத்த ஐந்தை மூன்று மாதம் கழித்து எடுத்தாலும் அதே நிறத்தில் தீட்டலாம். அந்த வரி எழுதியபின் மட்டும் அடுத்த பெட்டியைத் திறவுங்கள்.